‘பார்ட்னர்’ என்று அழைத்துவிட்டால் கூலி கேட்கக்கூடாதா?

இந்த வாரம் நோட்டரிகளிலிருந்து தொடங்குகிறேன். நம் ரெம்பியாவுக்கும் நோட்டரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் ஒருவர் வீட்டுக் கடன் எடுக்கிறார் என்றால், கடன் பத்திரங்களில் அவர் கையெழுத்திடுவதை நேரில் பார்த்து உறுதிப்படுத்த ஒரு நோட்டரி வேண்டும். அங்கே நோட்டரியாவதற்கு வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது நிரம்பியவர், மாநிலத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றி முத்திரை வாங்கிவிடலாம். இப்படி முத்திரை வாங்கிய பலர் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இருப்பதில்லை. கடன் கொடுக்கும் தரப்புக்கும் இவர்களுக்கும் நடுவே ஓர் இடைத்தரகு நிறுவனம் இருக்கும். அது கைப்பேசியில் வேலையை அனுப்பும். யார் முதலில் ‘சரி’ என்கிறாரோ அவருக்கு வேலை.

வேலை என்றால் என்ன? நூறு நூற்றைம்பது பக்கப் பத்திரங்களைச் சொந்த அச்சுப்பொறியில், சொந்தக் காகிதத்தில், வாடிக்கையாளருக்கு ஒரு நகல் உட்பட இரண்டு பிரதி எடுக்க வேண்டும். சொந்தக் காரில் சொந்த எண்ணெய் ஊற்றி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்து வாங்கி, திருப்பி அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு தொகை. அந்தத் தொகை எப்போது வரும்? முப்பது நாளில் வரலாம், அறுபது நாளில் வரலாம். கடன் கைகூடாமல் போய்விட்டால் ‘கடன் முடியவில்லை, ஆகவே உங்களுக்கும் இல்லை’ என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அச்சடித்த காகிதமும் எரித்த எண்ணெயும் நோட்டரியின் நட்டம். கடன் கொடுப்பவர் இடைத்தரகு நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதும் நோட்டரிக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் அடுத்த குறுஞ்செய்தி வேறொருவருக்குப் போகும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது பணம் அல்ல, பொறுப்பு. கலிபோர்னியாவில் நோட்டரி ஆவதற்கு 15,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். ஒரு பத்திரத்தில் தவறு நேர்ந்து யாருக்காவது நட்டம் வந்தால், முத்திரை யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘நேற்றைய தேதி போட்டுவிடுங்கள்’ என்று இடைத்தரகர் நெருக்கினால், மறுப்பவர் அடுத்த வேலையை இழக்கிறார், ஒத்துக்கொள்பவர் முத்திரையை இழக்கிறார். அதாவது பொறுப்பு முழுதும் தனிமனிதருக்கு, விலை வைக்கும் அதிகாரம் முழுதும் நிறுவனத்துக்கு. இப்படி ஒரு மனிதர் நெருக்கப்படும்போது பாதிக்கப்படுவது அவர் மட்டும் அல்லர். அந்தக் கையெழுத்தை நம்பிய எல்லாரும்தான்.

நம் நாட்டில் இந்தத் தொல்லை நோட்டரிகளுக்கு இல்லை. இங்கே 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்களையே சட்டத்துறைத் தலைவர் நோட்டரிகளாக நியமிக்கிறார். உங்களுக்குப் பழக்கமானவர் அவரை விடச் சத்தியப் பிரமாண ஆணையராகத்தான் இருப்பார். உபகாரச் சம்பளத்துக்கோ கல்விக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது, ‘அப்பாவுக்கு நிலையான வருமானம் இல்லை’ என்று ‘அக்குவான் பெர்சும்பா’ எழுதி, அலோர் காஜாவிலோ மலாக்காவிலோ ‘பெசுருஹ்ஜாயா சும்பா’ பலகை தொங்கும் சின்ன அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருப்பீர்கள். அவர் வாங்கும் கட்டணத்தை விதிகளே நிர்ணயித்திருக்கின்றன. எந்த நிறுவனமும் அவருக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் அனுப்பி, ‘பாதி விலைக்கு முத்திரை போடுவீர்களா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறோம்’ என்று கேட்க முடியாது. அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஒரு விதி நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த விதி நடுவில் இல்லாதவர்கள் நம் ஊரில் யார்? நீங்கள்தான்.

ரெம்பியாவையும் சுற்றியுள்ள தாமான்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்குப் போகும் இளைஞர் இன்று அபூர்வம். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மீதிப் பேரைக் கேட்டால், ‘ஃப்ரீலான்ஸ் செய்கிறேன் அண்ணா’ என்பார்கள். உணவு விநியோகம், கல்யாணப் புகைப்படம், காணொளித் தொகுப்பு, மொழிபெயர்ப்பு, மேடை அறிவிப்பு, முக ஒப்பனை, பலகை வடிவமைப்பு. லெண்டுவில் உள்ள யு.ஐ.டி.எம். வளாகத்திலும் டுரியான் துங்காலில் உள்ள யு.டி.இ.எம்.மிலும் படித்துக்கொண்டே வார இறுதியில் இதைச் செய்பவர்கள் பலர். நல்லதுதான். உழைத்துப் படிப்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கல்யாண ஸ்டூடியோவுக்கு இரண்டாவது கேமராவாகக் கிள்ளானுக்குப் போனார். மருதாணி இரவும் கல்யாண நாளும் சேர்த்து இரண்டு நாள், நாளுக்கு 12 மணி நேரம். பிறகு படங்களைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய நான்கு இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம். ஆக 36 மணி நேரம். பேசிய தொகை 250 ரிங்கிட். எண்ணெய்க்கும் டோலுக்கும் 70 ரிங்கிட் போனது. மிச்சம் 180. மணிக்கு ஐந்து ரிங்கிட். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 காசு. கேமராவின் தேய்மானத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அந்த 250 ரிங்கிட்டும் மூன்று மாதம் கழித்து, இரண்டு தவணையாக வந்தது.

‘குறைந்தபட்சச் சம்பளத்தை விடக் குறைவு, புகார் செய்யலாமே’ என்பீர்கள். அங்கேதான் சிக்கல். குறைந்தபட்சச் சம்பளம் தொழிலாளிக்குரியது. இந்தத் தம்பியை நிறுவனம் தொழிலாளி என்று சொல்வதில்லை. ‘பார்ட்னர்’ என்கிறது. மலாயில் ‘ராக்கான்’ என்று இன்னும் அன்பாகச் சொல்வார்கள். இலாபத்தில் பங்கு கேட்டுப் பாருங்கள், அந்தப் பார்ட்னர் உறவு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

பெயரை மாற்றிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இந்த வித்தை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. உங்கள் தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் கேளுங்கள். விடியற்காலைப் பெரட்டில் நின்றது, செக்ரோலில் பெயர் ஏறியது, வேலை குறைந்தால் ‘அரைப் பேர்’ போட்டது, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாமல் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியது எல்லாம் சொல்வார்கள். அதற்கும் முந்திய காலத்தில் கங்காணிக்குத் தன் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு கிடைத்தது. பிற்காலத்தில் பல தோட்டங்களில் குத்தகையாளர் வழி ஆள் எடுக்கும் முறை பரவியது. அதே மரம், அதே கத்தி, அதே தொழிலாளி. ஆனால் ‘நீ குத்தகையாளரின் ஆள்’ என்று தோட்ட நிர்வாகம் கைகழுவியது. குத்தகையாளர் பலர் சேமநிதியும் பிடிக்கவில்லை, சொக்சோவும் கட்டவில்லை. கைப்பேசி வழியாக வேலை கொடுக்கும் இன்றைய நிறுவனங்கள் கண்டுபிடித்த புதுமை இது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கங்காணிக்கு முகமாவது இருந்தது. வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடலாம்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றில் 101சி என்ற பிரிவை உயர்கல்வி மாணவர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்துகிறாரா, கருவிகளை அவர் தருகிறாரா, அந்த வேலை அவருடைய வியாபாரத்தின் முக்கிய அங்கமா, சீரான இடைவெளியில் பணம் தருகிறாரா, அதுவே உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியா என்றெல்லாம் அது பார்க்கச் சொல்கிறது. அப்படி இருந்தால், மறுப்பு நிரூபிக்கப்படும்வரை உங்களைத் தொழிலாளி என்றே கருத இடமுண்டு. பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே நடப்பது என்ன என்று பார்க்கும் இந்த அணுகுமுறையைத்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் கையாண்டது. ஓட்டுநர்கள் தனி முதலாளிகள் என்ற நிறுவனத்தின் வாதத்தை அது ஏற்கவில்லை.

அதன்பிறகு வந்ததுதான் கிக் தொழிலாளர் சட்டம். அப்போதைய மனிதவள அமைச்சர் ஸ்டீவன் சிம் கொண்டுவந்த மசோதா, 2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. செப்டம்பரில் மேலவையும் ஏற்றது. நாட்டில் கிக் தொழிலாளர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று அரசாங்கம் சொல்கிறது. உணவு கொண்டு செல்பவருக்கும் கார் ஓட்டுபவருக்கும் மட்டும்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நடிப்பு, இசை, மொழிபெயர்ப்பு, பத்திரிகைப் பணி, பராமரிப்புப் பணி, புகைப்படம், காணொளி போன்றவையும் அதன் அட்டவணையில் வருகின்றன. கேமரா பிடிக்கும் அந்தத் தம்பி இதற்குள் வருகிறார்.

சட்டம் என்ன கேட்கிறது? வேலைக்கு ஒரு சேவை ஒப்பந்தம் இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, எப்போது என்று அதில் தெரிய வேண்டும். நியாயமான காரணமின்றி ஒருவரை நீக்கவோ அவருடைய கணக்கை முடக்கவோ கூடாது. தகராறு வந்தால் தனியாக ஒரு நடுவர் மன்றம். கட்டண விகிதங்கள் பற்றிப் பேச, அரசு, நிறுவனங்கள், தொழிலாளர்கள் மூவரும் உட்காரும் ஆலோசனை மன்றம். விபத்துக் காப்புக்காக ஒவ்வொரு வேலையின் வருமானத்திலும் 1.25 விழுக்காடு பிடித்து சொக்சோவுக்குச் செலுத்துவது. நூறு ரிங்கிட்டுக்கு ஒன்றேகால் ரிங்கிட். இந்தப் பிடித்தத்தைப் பற்றி முணுமுணுக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். மோட்டார் சைக்கிளில் போய்க் காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்தவரின் குடும்பத்தைக் கேளுங்கள், முணுமுணுக்க மாட்டார்கள்.

எனக்கு இந்தச் சட்டத்தில் முழுத் திருப்தி இல்லை. தொழில்களை அட்டவணை போட்டுச் சொல்லும்போது, எந்தத் தொழில் உள்ளே, எது வெளியே என்ற கேள்வி எப்போதும் இருக்கும். நாளைக்கு வரப்போகும் தொழிலுக்கு இன்று பெயரே இல்லை. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. அங்கே 2017 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டம், தொழிலைப் பார்க்காமல் தொகையைப் பார்க்கிறது. 800 டாலரோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் இரட்டிப்பாக இழப்பீடு கேட்கலாம். 2024-இல் நியூயார்க் மாநிலமே இதைப் பின்பற்றியது. நம் ஆலோசனை மன்றம் இதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அந்த மன்றத்தில் பெரிய நகரத்து ஓட்டுநர் சங்கங்களோடு, சிற்றூரில் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருவருக்கும் குரல் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று தனியாக உண்டு. நம் நாட்டில் வயது வருவது 18-இல். அதற்குக் கீழே உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் சட்டப்படி செல்லாது. ஆனால் சம்பளத்துக்கு ஊழியராகச் சேர்ந்தால் 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டம் துணைக்கு வருகிறது. ஆக, விடுமுறையில் ஒரு கடையில் முறையாக வேலைக்குச் சேரும் படிவம் 5 மாணவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே கடைக்கு வீட்டிலிருந்து காணொளி தொகுத்துக் கொடுக்கும் அவருடைய நண்பருக்குக் கிடைப்பது கடினம். 17 வயதில் இப்படி வேலை எடுத்தால், பேச்சுவார்த்தையை அம்மாவோ அப்பாவோ அண்ணனோ செய்யட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். நிறுவனங்களை மட்டும் குறை சொல்கிறோம். நம் இயக்கங்களும் மன்றங்களும் விழாக் குழுக்களும் என்ன செய்கின்றன? மேடை அலங்காரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் ரொக்கம். அழைப்பிதழ் வடிவமைத்த கல்லூரி மாணவிக்கு ஒரு மாலையும் ‘நல்ல அனுபவம் கிடைச்சிருக்கும்மா’ என்ற வாழ்த்தும். தொண்டு என்றால் எல்லாருக்கும் தொண்டாக இருக்கட்டும். சாப்பாடு போட்டவருக்குக் காசு, படம் வரைந்தவருக்கு அனுபவம் என்பது தொண்டில் சேராது. மாணவர்கள் இதை மரியாதையாக, ஆனால் வாய்திறந்து கேட்கப் பழக வேண்டும். ‘ஐயா, பட்ஜெட்டில் வடிவமைப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் பொதுவாக ஒப்பந்தம்தான், அதை நிரூபிப்பதுதான் கடினம். அதனால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். வேலையை ஒப்படைத்த நாளில் ஒரு பில் அனுப்புங்கள். தேதி, செய்த வேலை, தொகை, எந்த நாளுக்குள் தர வேண்டும் என்ற நான்கும் இருந்தால் அது பில்தான், அழகான வடிவம் தேவையில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டால், 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக்கோரல் என்ற வழி இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. படிவம் 198-ஐ நிரப்பிக் கொடுத்தால் போதும். வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், அதற்குள் நிறுவனமே இல்லாமல் போய்விடலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அலோர் காஜா நீதிமன்றம் ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரம்தான்.

தனி ஒருவராகக் கேட்பதை விட மூன்று பேராகக் கேட்பது சுலபம் என்பதையும் பார்த்திருக்கிறேன். மலாய், தமிழ் மொழிபெயர்ப்புச் செய்யும் ஒரு தங்கை, அதே நிறுவனத்துக்கு வேலை செய்யும் இன்னும் இருவரைத் தேடிப் பிடித்தார். ஒருவர் சிரம்பானில், ஒருவர் ஜாசினில். மூவரும் விலையை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரே மாதிரி பக்கத்துக்கு மூன்று விதமான கூலி கிடைத்திருப்பது தெரிந்தது. கேள்வி கேட்காதவருக்கு ஆகக் குறைவு. மூவரும் ஒரே நாளில், ஒரே விலையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். நிறுவனம் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. எட்டாம் நாள், கேட்டதில் முக்கால்வாசிக்கு ஒத்துக்கொண்டது. மீதிக் கால்வாசிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.